நாற்பது கட்டத்தில் நாற்பத்து மூன்று

அந்த ஆரம்பப் பள்ளியில் போய் மூன்றாம் வகுப்பு டீச்சர் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளி கொஞ்சம் யோசிப்பார். கட்டம் டீச்சர் எங்கே என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். "அதோ, சுவர்ல கலர் கலரா துணி குத்தி வெச்சிருக்காங்களே, அந்த ரூம்" என்று கையை நீட்டிவிடுவார்.

இந்தப் பட்டப்பெயர் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்கு வந்து நின்றார்கள். பந்து ஒன்றுதான். அதே நேரத்தில் நான்காம் வகுப்பில் வாத்தியாரே இல்லை. அவர் போயிருப்பார் என்று இவரும், இவர் போயிருப்பார் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே வருகை எடுத்து, நாலு பேருக்கு ஆப்சென்ட் போட்டு, மணி அடிக்கிற வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் ஒரு அட்டையில் கோடு கிழித்தார். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு பீரியட், மொத்தம் நாற்பது கட்டம். அன்று முதல் அந்தப் பள்ளியின் கால அட்டவணை அவர் தலையில்தான்.

டீச்சருக்குக் கடவுள் பொறுமையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருந்தார். அந்தப் பொறுமை முழுவதையும் அவர் கட்டங்களுக்கே செலவு பண்ணினார். வீட்டில்கூட அப்படித்தான். சமையலறை அலமாரியில் எந்த டப்பா எந்த வரிசை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மிஷின் போட்டிருக்கிறார். "எனக்கு எந்த பீரியட்டும்மா? சாப்பாட்டுக்கு மணி அடிச்சாச்சா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார். டீச்சர் சிரிக்கமாட்டார். சிரித்தால் அடுத்த நாளும் அதையே சொல்வார் என்று தெரியும். சிரிக்காவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தையல்காரர் புண்ணியத்தில்தான் டீச்சருக்குத் துணி முறை கிடைத்தது. பேப்பரில் எழுதி எழுதி அழித்தால் ஓட்டை விழுகிறது என்று, வெட்டி மிஞ்சின துணியை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தார். கணக்குக்கு நீலம், மொழிப் பாடத்துக்குப் பச்சை, அறிவியலுக்குக் காக்கி. அட்டையில் குண்டூசி குத்தி வைத்தால், வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வகுப்புக்கு முடிந்ததும் தாளில் எழுதிக்கொண்டு, அதே அட்டையில் அடுத்த வகுப்பு. பூப்போட்ட மஞ்சள் துணி மட்டும் மூன்றே மூன்று துண்டு. அது வாசிப்பு நேரத்துக்கு.

வாசிப்பு நேரம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டீச்சரின் வகுப்பறை மூலையில் ஒரு தகரப் பெட்டி. அதில் அறுபத்து மூன்று கதைப் புத்தகம். வாரத்தில் மூன்று பீரியட், பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்தோ குப்புறப் படுத்தோ வாசிக்கலாம். டீச்சர் கேள்வி கேட்கமாட்டார், மார்க் போடமாட்டார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பாடப்புத்தகத்தை விட்டால் வேறு புத்தகம் கிடையாது. பெட்டியிலேயே அதிகமாகக் கிழிந்துபோனது ஓர் ஆமையின் கதை. ஆமை கடலைத் தேடிப் போகும். கடலுக்குப் போனதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, கடைசி நாலு பக்கத்தைக் காணோம். அதனால் முடிவைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் முறை. இந்த வகுப்பில் கேள்விக்குறி என்று ஒரு பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டதால் வந்த பெயர். எழுத்துக் கூட்டக்கூட வராமல் இருந்தவள், அந்த ஆமைக்காகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். வாசித்து முடித்துவிட்டு, மீதி நாலு பக்கத்தை யார் எடுத்தார்கள் என்று டீச்சரையே சந்தேகமாகப் பார்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் புதிய பாடத்திட்டம் வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். கணினிப் பாடம் வாரத்துக்கு இரண்டு, சுகாதாரக் கல்வி இரண்டு, நற்பண்பு ஒன்று, மதிப்பீடு ஒன்று என்று எல்லா வகுப்புக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டுமாம். வாசிப்பு நேரம் நிறுத்தப்படுகிறதாம். புத்தகப் பெட்டியை அலுவலகக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டுமாம். கீழே கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தது.

தலைமை ஆசிரியை அந்தக் கடிதத்தை டீச்சரிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை வேண்டும் என்றார். அவர் நல்லவர். மேலிடத்துக் கடிதம் என்றால் மட்டும் நின்றுகொண்டே படிப்பார்.

டீச்சர் துணிகளைக் குத்த ஆரம்பித்தார். முதலில் ஐந்தாம் வகுப்பு சாருக்கு முதல் பீரியடில் கணக்கு. அது எழுதாத சட்டம். "மத்தியானத்துல கணக்கு வெச்சீங்கன்னா பிள்ளைங்க தூங்கிடுவாங்க டீச்சர். அவங்களாவது பரவாயில்ல, நானும் தூங்கிடுவேன்" என்று வருஷா வருஷம் வந்து சொல்கிற மனிதர். அதனால் அவருக்கு முதல் பீரியட் சார் என்றே பெயர். அதற்கு அப்புறம் மொழி, அறிவியல், சமூகம் என்று ஒவ்வொன்றாகக் குத்தினார். நாற்பது கட்டமும் நிறைந்தது. கையைப் பார்த்தால் மூன்று துணி மிச்சம் இருக்கிறது.

மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து குத்தினார். மறுபடியும் மூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைக் கூட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று வந்தது. கூட்டலில்தான் ஏதோ தப்பு என்று தன்னைத்தானே சந்தேகப்பட்டார். மேலேயிருந்து வந்த கடிதத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, அப்படி ஒரு வளர்ப்பு.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்றப் பதினோரு பள்ளியும் அட்டவணை போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றும், அவர்களுக்கு எல்லாம் பத்துகிறபோது நமக்கு மட்டும் பத்தவில்லை என்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் தணிந்த குரலில் கேட்டார். டீச்சருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீட்டுக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவரைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, முகம் இப்படி இருக்கு. அளவு தப்பிப் போச்சா?"

"மூணு துண்டு இடமில்லாம நிக்குதுங்க."

அவர் எழுந்து வந்து அட்டையைத் துணி பார்க்கிற மாதிரியே தடவிப் பார்த்தார். "துணி பத்தலன்னா நான் எங்க குறைக்கலாம்னு பாக்கமாட்டேன். எங்க மடிப்புல சும்மா கிடக்குன்னுதான் பாப்பேன்" என்றார். "உன் பள்ளிக்கூடத்துல மடிப்பு எங்கம்மா இருக்கு?"

டீச்சர் யோசித்தார். காலையில் பிரார்த்தனைக் கூட்டம் தினமும் நடக்கிறது. அதில் தலைமை ஆசிரியை பத்து நிமிஷம் நல்ல வார்த்தை பேசுகிறார். ஐந்து நாளைச் சேர்த்தால் ஐம்பது நிமிஷம், ஒரு பீரியடுக்கு மேலேயே வருகிறது. நற்பண்பை அங்கே வைத்துவிடலாம். உடற்பயிற்சிக்கு வரிசையில் நிற்கும்போது நகமும் பல்லும் பார்த்து, முடிந்ததும் குழாயடியில் கை கழுவச் சொன்னால் சுகாதாரக் கல்வி இரண்டும் அதிலேயே அடங்கும். சொல்லச் சொல்லத் தையல்காரர் உடற்பயிற்சித் துணிக்குச் சுகாதாரத் துணியை உள்துணியாக வைத்துத் தைத்தே கொடுத்துவிட்டார். வெளியே சிவப்பு, திருப்பினால் வெள்ளை.

நாற்பது கட்டத்தில் எல்லாம் அடங்கியது. பூப்போட்ட மஞ்சள் துணி மூன்றும் மேஜையில் கிடந்தது. தையல்காரர் அதை எடுத்து, இது எங்கே போகும் என்று கேட்கவில்லை. மடித்து டீச்சரின் கைப்பைக்குள் வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தலைமை ஆசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பீரியட் சாருக்கும் முதல் பீரியட் பத்திரமாக இருந்ததில் திருப்தி. டீச்சர் மட்டும் தன் வகுப்புச் சுவரில் ஒட்டவேண்டிய தாளை எழுத உட்கார்ந்தவர், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வந்து நின்றுவிட்டார். அங்கே மதிப்பீடு என்று எழுத வேண்டும். அந்தப் பீரியடில் என்ன செய்வது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. தேர்வு வைப்பதா, தேர்வுத் தாள் திருத்துவதா, சும்மா உட்கார வைப்பதா? தினமும் ஒவ்வொரு பாடத்திலும் கேள்வி கேட்டுப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்த ஆசை வந்தது. முப்பத்தொன்பது கட்டத்தையும் பேனாவால் எழுதியவர், அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் பென்சிலால், லேசாக, மதிப்பீடு என்று எழுதினார். தகரப் பெட்டியின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு, அதன் மேல் உலக உருண்டையைத் தூக்கி வைத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கதவைச் சாத்திவிட்டு உருண்டையை இறக்கினார். பிள்ளைகளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு சத்தமில்லாத வகுப்பைப் பக்கத்து வகுப்பு பார்த்ததே இல்லை.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சின்னப் பொய்யே பெரிய பாரம். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது டீச்சருக்கு வழக்கமாக ஒரே வேண்டுதல்தான், பிள்ளைகள் நன்றாக இருக்கணும் என்று. இப்போது அதன் பின்னால் ஒரு வால் சேர்ந்துகொண்டது. "ஆண்டவனே, பொய்தான் எழுதியிருக்கேன். ஆனா பென்சில்லதான்." இதைக் காதில் வாங்கிவிட்ட தையல்காரர், பென்சில் பொய்க்கு எவ்வளவு தண்டனை, பாதியா கால்வாசியா என்று நாலு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கல்வி அதிகாரி வந்தார். சொல்லாமல் வந்தார். தலைமை ஆசிரியை பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். மதிப்பீட்டுப் பீரியடை எந்தப் பள்ளியில் எப்படி நடத்துகிறார்கள் என்று அவர் மேலே ஒரு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். நாலு பள்ளிக்குப் போய்வந்தாராம். எங்கே போனாலும் நேற்றுதான் நடந்தது, நாளைக்குத்தான் நடக்கும் என்கிறார்களாம். இந்தப் பள்ளி அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி என்று பார்த்துவிட்டுத்தான் நேராக வந்தேன் என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

முப்பத்து நாலு பிள்ளைகள் தரையில் கிடந்தார்கள். பாதிப் பேர் குப்புற, மீதிப் பேர் சுவரில் சாய்ந்து. ஜன்னலோரத்தில் கேள்விக்குறி ஆமைப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தாள். டீச்சர் கையிலும் ஒரு புத்தகம். அதிகாரியைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள், அவள் மட்டும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்தாள்.

"இதுதான் மதிப்பீடா?" என்று கேட்டார் அதிகாரி.

தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். அதிகாரியும் நம்பியிருப்பார், பிள்ளைகள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"இல்ல சார். இது வாசிப்பு நேரம். நான்தான் பேரை மாத்தி எழுதிட்டேன். தப்பு என்னோடது, மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி சுவரில் இருந்த தாளைக் கிட்டே போய்ப் பார்த்தார். பென்சில் எழுத்தை விரலால் தொட்டார், விரலில் கரி ஒட்டியது. நிறுத்தச் சொன்னதை நடத்துவது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்றும், பெட்டி இந்நேரம் கிடங்கில் இருந்திருக்க வேண்டாமா என்றும் குரலை உயர்த்தாமலே கேட்டார். திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறேன், பெட்டியை ஏற்றிவிடுங்கள் என்றார். கடைசியாக, ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று கணக்காகக் கொடுத்திருக்கும்போது அதை அப்படியே போடுவதில் என்ன கஷ்டம் என்றார்.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னமோ, "அந்தக் கணக்கு நாற்பத்து மூணு வருது சார். கட்டம் நாற்பதுதான்" என்றார்.

"நாற்பதுதான் வரும். நான்தான் போட்டேன்."

"சார், நாங்க கூட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டது கேள்விக்குறி. மூன்றாம் வகுப்பில் அந்த வாரம் கூட்டல்தான் நடந்துகொண்டிருந்தது. கூட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் பிள்ளைகள் தங்கள் செருப்பைக்கூடக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வேண்டாம் என்று சொல்வதற்குள் சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. வேறு வழியில்லாமல் அவரே பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து வாசித்தார். தாய்மொழி ஒன்பது, இரண்டாம் மொழி ஏழு, கணக்கு ஒன்பது, அறிவியல் ஐந்து, சமூகம் நாலு, உடற்பயிற்சி இரண்டு, ஓவியம் ஒன்று, கணினி இரண்டு, சுகாதாரம் இரண்டு, நற்பண்பு ஒன்று, மதிப்பீடு ஒன்று. அவள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

"பத்துப் பத்தா சேத்தா சீக்கிரம் வரும் சார்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே ஆரம்பித்தாள். ஒன்பதும் ஒன்றும் பத்து. இன்னொரு ஒன்பதும் இன்னொரு ஒன்றும் பத்து. ஐந்தும் நாலும் மிச்சமிருந்த ஒன்றும் பத்து. ஆக முப்பது. மீதி ஏழும் மூன்று இரண்டும் பதின்மூன்று. பலகையில் பெரிதாக நாற்பத்து மூன்று என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். இன்னொரு பெண் எழுந்து போய்க் கீழேயிருந்து மேலே கூட்டினாள், அதே விடை. மூன்றாவதாக ஒருத்தி நம்பாமல் குச்சி குச்சியாகக் கோடு போட்டு எண்ணினாள். அதுவும் அதேதான்.

"எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறோம் சார்" என்றாள் கேள்விக்குறி. அவள் கேலி செய்யவில்லை. அந்த வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அதிகாரி பலகையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது, விரல் சட்டைப் பொத்தானைத் தட்டித் தட்டி எண்ணியது. அப்புறம் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பெஞ்ச் சின்னது, அவருடைய முழங்கால் மார்புக்கு வந்தது.

"முதல்ல வந்தது சுகாதாரமும் நற்பண்பும், மூணுதான்" என்றார். "வாசிப்பு மூணை எடுத்துட்டு அதை வெச்சோம், சரியா இருந்துச்சு. அப்புறம் மேலேயிருந்து கணினியும் மதிப்பீடும் வந்துச்சு. அதையும் அப்படியே சேர்த்து டைப் அடிச்சுட்டோம். யாரும் கூட்டிப் பாக்கல." கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப மத்த பதினோரு ஸ்கூலும் எப்படிப் போட்டாங்க?"

தலைமை ஆசிரியை மேலே சுற்றாத மின்விசிறியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தின்படி அமல்படுத்தப்பட்டது என்று பதினோரு பள்ளியும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்ததை அதிகாரியே சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

டீச்சர் எப்படிப் போட்டார் என்று கேட்டார். டீச்சர் துணி குத்திய அட்டையை இறக்கி, சிவப்புத் துணியைத் திருப்பி உள்துணியைக் காட்டினார். காலைக் கூட்டத்தின் ஐம்பது நிமிஷக் கணக்கையும் சொன்னார். அதிகாரி அந்தத் துணியை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைத் தைத்தது யார் என்று மட்டும் கேட்டார்.

பிறகு டீச்சர், பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகப் பேசாததை ஒரே மூச்சில் பேசினார். மதிப்பீடு எல்லாப் பாடத்திலும் தினமும் நடக்கிறது, அதற்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டியதில்லை, அந்த ஒன்றை வாசிப்புக்கு விட்டுக்கொடுத்தால் போதும் என்றார். அதிகாரி தாடையைத் தடவினார். திருத்தக் கடிதம் எப்படியும் அனுப்பியே ஆகவேண்டும். நாற்பத்து மூன்றை நாற்பதாக்க ஒரு வழியும் வேண்டும்.

"ஒண்ணுதான். மூணு கேக்காதீங்க. திங்கட்கிழமை வண்டி வராது."

"ஒண்ணு போதும் சார்" என்றார் டீச்சர். போதாது என்பது அவருக்கும் தெரியும், பெட்டிக்கும் தெரியும். ஆனாலும் பெட்டி அங்கேயே இருக்கும்.

"ஆனா ஒரு வேலை இருக்கு. பதினோரு ஸ்கூலுக்கும் இதே மாதிரி நீங்கதான் போட்டுத் தரணும். பத்து நாள்ல."

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதல் பீரியட் சார், உண்மை பேசினால் வேலை கூடத்தான் செய்யும், அதனால்தான் நான் அதிகம் பேசுவதில்லை என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார். சொல்லிவிட்டு, எந்தப் பள்ளியாக இருந்தாலும் ஐந்தாம் வகுப்புக்கு முதல் பீரியடில் கணக்கு வைப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று டீச்சருக்கும் ஒரு யோசனை சொன்னார்.

அதிகாரி கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் கிடந்த ஆமைப் புத்தகத்தைப் பேச்சோடு பேச்சாகப் புரட்டியிருக்கிறார். கடைசிப் பக்கங்கள் எங்கே, ஆமை கடலுக்குப் போனதா என்று கேட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க சார். அன்னைக்குத்தான் என் முறை" என்றாள் கேள்விக்குறி.

அன்றைக்குச் சாயங்காலம் தையல்காரர் பதினோரு அட்டையை அளந்து வெட்டி அடுக்கினார். மிஷின் மேல் தைக்கவேண்டிய சட்டை காத்துக்கிடந்தது. டீச்சர் கைப்பையிலிருந்து பூப்போட்ட மஞ்சள் துணி மூன்றையும் எடுத்து வைத்தார். அட்டைக்கு ஒன்றாகப் பதினோரு துண்டு வேண்டும். இருப்பது மூன்று. தையல்காரர் அலமாரியைக் குடைந்து, அதே பூப்போட்ட பழைய தலையணை உறை ஒன்றைக் கண்டுபிடித்துக் கத்திரியை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டம்தானே? இந்தா பென்சில்" என்று நீட்டினார்.

டீச்சர் சுவரிலிருந்து பிரித்து எடுத்துவந்திருந்த தன் வகுப்புத் தாளை முதலில் எடுத்தார். ரப்பரால் அந்தக் கட்டத்தைத் தேய்த்தார். முழுவதும் போகவில்லை, லேசாக ஒரு கறை நின்றது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"பேனாவ எடுங்க" என்றார்.